எட்டுக் கட்டையும் இருபத்தொரு மீனும்

நவம்பர் 16, சனி

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். புயல் வரும் என்றேன், வந்தது. கரண்டு போகும் என்றேன், போனது. வியாழக்கிழமையே டீக்கடை வாசலில் நின்று, ஒரு விரலை எச்சில் பண்ணிக் காற்றில் தூக்கிப் பிடித்து, "பேராவூரணிக்குத் தெற்கால கரையேறும், எழுதி வச்சுக்கங்க" என்று சொன்னேன். ஆறு பேர் சாட்சி. ரேடியோவிலும் அதையேதான் சொன்னார்கள் என்பது வேறு விஷயம். அவர்கள் எனக்கு அரை மணி நேரம் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

என் வீட்டுக் கூரைத் தகடு நாலும் பறந்துவிட்டன. வீட்டம்மா மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருக்கிறாள். ஆகவே, தங்கச்சி சௌந்தரத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று அடுத்த தெருவுக்கு வந்துவிட்டேன். "மேல கூரை இல்லாம வந்துட்டு, துணைக்கு வந்தேங்குறீங்களே மச்சான்" என்றார் அவள் வீட்டுக்காரர் கோதண்டம். கயிறு ஆலையில் எடை போடுகிற ஆள். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

புயல் தென்னையைச் சாய்த்தது, கம்பத்தைச் சாய்த்தது. சௌந்தரத்துக்கு அதெல்லாம் பெரிதில்லை. அவளுக்குக் கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. அதில் இருபத்திரண்டு பொன்மீன். உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, உச்சந்தலையில் மட்டும் குங்குமம் வைத்த மாதிரி ஒரு சிவப்பு. பொட்டுமீன் என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள். மூன்று வருஷமாகப் பொரித்து, பொறுக்கி, ஆயிரம் குஞ்சில் பத்தை வைத்துக்கொண்டு மறுபடி பொரித்து, இப்படி உண்டாக்கின இனம். இந்த மாதம் முப்பதாம் தேதி மதுரையில் வண்ணமீன் கண்காட்சி. இவை செத்தால் திரும்ப ஆரம்பிக்க விதை கிடையாது. இதை அவள் சொல்லவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதிலேயே தெரிந்தது.

மீனுக்குத் தண்ணீரில் காற்று கலக்க வேண்டும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும். இன்வர்ட்டர் மத்தியானத்தோடு ஓய்ந்தது. "நூறு கம்பத்துக்கு மேல சாஞ்சு கெடக்கு, ஒரு வாரம் ஆகும்ணே" என்றான் லைன்மேன். சாயங்காலம் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆளுக்கொரு செம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு தலைக்கு மேலே தூக்கி ஊற்றினோம். விழுகிற வேகத்தில் காற்று கலக்கும். லேசான வேலை இல்லை. மாப்பிள்ளை கோதண்டம் அரை மணி நேரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மேற்பார்வை பார்த்தேன்.

ஒன்று போய்விட்டது. முருங்கை மரத்தடியில் சௌந்தரம் புதைத்தாள். மீதி இருபத்தொன்று.

"கவலைப்படாத. காலையில நான் ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

"அண்ணே, ஏற்பாடெல்லாம் வேணாம்ணே" என்றாள். பாசம்.

நவம்பர் 17, ஞாயிறு

விடிந்ததும் சைக்கிளில் மல்லிப்பட்டினம் போனேன். வழியில் நாற்பத்தேழு தென்னை விழுந்து கிடந்தன. நாற்பத்தேழையும் சைக்கிளோடு தாண்டினேன். அங்கே உயிர் நண்டு அனுப்புகிற ஜெய்னுலாப்தீன் என் பால்ய சிநேகிதர். கைக்கு அடக்கமான ஒரு பேட்டரி பம்பைக் கொடுத்தார். லாரியில் நண்டுக்குக் காற்று விடுகிற சாமான். ஆறு வோல்ட் என்று அச்சடித்திருந்தது. பேட்டரி போடுகிற டப்பா மட்டும் உப்புக் காற்றில் துருப்பிடித்து விழுந்துவிட்டதாம்.

"டப்பா எதுக்கு? அறுபத்தெட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் போட்டவன் நான்" என்றேன்.

இதைத் திரும்பி வந்து வீட்டிலும் சொன்னேன். கோதண்டம் எடை போட்டார். "மைக் செட் போட்டது செல்லையா. மச்சான் குழாய் ஸ்பீக்கரை மரத்துல ஏத்துனவரு."

ஏற்றினவனுக்குத்தான் உயரம் தெரியும்.

கடையில் மிச்சம் இருந்தது பன்னிரண்டு பேட்டரிக் கட்டை. பெரிய கட்டை. எங்கள் பக்கம் டார்ச் லைட்டையே ரெண்டு கட்டை லைட், மூணு கட்டை லைட் என்றுதான் சொல்வோம். ஒரு கட்டை ஒன்றரை வோல்ட். பம்புக்கு ஆறு. நான் எட்டாவது படித்தவன். அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்து எஞ்சினியரிங்குக்குச் சமம். நாலு கட்டை வேண்டும் என்று மனசுக்குள்ளேயே போட்டுவிட்டேன். ஒரு பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, வாய்க்கால் மாதிரி ஆக்கி, அதில் நாலு கட்டையையும் ரயில் பெட்டி போல வரிசையாகப் படுக்க வைத்து, இரண்டு முனையிலும் ஒயரைக் கொடுத்து, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினேன்.

பம்பு ஓடவில்லை.

சௌந்தரம் மகள் வளர்மதி எட்டிப் பார்த்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன்.

"மாமா, மூணாவது கட்டை தலைகீழா இருக்கு. ஒண்ணோட தலை அடுத்ததோட வால்ல படணும்."

"தெரியும். சோதிச்சுப் பாத்தேன்."

"எதை?"

"ஒன்னை."

திருப்பி வைத்தாள். ர்ர்ர் என்று ஒரு சத்தம், பிறகு தொட்டியின் அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சௌந்தரம் இரண்டு நாளில் முதல் தடவையாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இதன் தத்துவத்தைச் சாப்பாட்டின்போது விளக்கினேன். ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறி நிற்பது மாதிரி. நாலு பேர் ஏறினால்தான் தேங்காய் கைக்கு எட்டும். "இது தொடர் இணைப்பு" என்றாள் வளர்மதி. பெயர் எதுவாக இருந்தாலும் உவமை என்னுடையது.

ஒரு மணி நேரம் ஓட விட்டு ஒரு மணி நேரம் நிறுத்தி, நிறுத்தின நேரத்தில் செம்பால் ஊற்றுவது என்று முறை வைத்தார்கள்.

நவம்பர் 18, திங்கள்

நேற்றுப் போட்ட நாலு கட்டையும் காலையில் ஓய்ந்தன. கையிருப்பு எட்டு.

கோதண்டத்தின் அண்ணன் வீட்டின் மேல் தென்னை விழுந்துவிட்டது என்று ஆள் வந்தான். புருஷனும் பெண்டாட்டியும் கிளம்ப வேண்டியதாயிற்று. சௌந்தரம் மூன்று தடவை கேட் வரை போய் மூன்று தடவை திரும்பி வந்தாள்.

"அண்ணே, நான் வர்ற வரைக்கும்..."

"நான் இருக்கேன்ல. போ."

வளர்மதி வேலைக்குப் போகிற அவசரத்தில், வண்டியை உதைத்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னாள். வண்டிச் சத்தத்தில் முன்பாதி போய்விட்டது. பின்பாதி நன்றாகக் கேட்டது: "...பக்க இணைப்பு குடுத்துடுங்க மாமா, ரொம்ப நேரம் தாங்கும்."

பக்க இணைப்பு. தமிழ் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியது. என் பழைய ரேடியோவில் கட்டைகள் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும், ஒன்று தலை மேலே, ஒன்று தலை கீழே. ரேடியோ செய்தவன் முட்டாளா? ஒரு பலகையில் எட்டையும் அதே மாதிரி தலையும் வாலுமாக மாற்றி மாற்றிப் படுக்க வைத்தேன். இந்தப் பக்கம் எட்டு முனையையும் சேர்த்து ஒரு செம்புக் கம்பி. அந்தப் பக்கம் எட்டு முனையையும் சேர்த்து இன்னொன்று. பார்க்கவே கோலம் போட்ட மாதிரி இருந்தது. எட்டு ஆள் தோளோடு தோள் நின்றால் பலம் எட்டு மடங்கு.

கட்டைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் சூடு.

பம்பு காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை அற்புதமாக ஓடியது.

எதிர்வீட்டுப் பாக்கியம் கொல்லைக் கேட்டுக்கு வெளியே நின்று, "என்னண்ணே, தண்ணிச் சத்தமா கேக்குது?" என்றாள். "பம்பு ஓடுது" என்றேன். "சளக்கு சளக்குன்னு கேக்குதே?" "பெரிய பம்பு" என்று சொல்லி, காலாலேயே கேட்டைச் சாத்தினேன்.

மூன்று மணிக்கு சௌந்தரம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடி எண்ணினாள். இருபத்தொன்று. அப்போதுதான் கட்டை தீர்ந்தது என்று சொன்னேன். மூடி வைத்த சோறு மூடினபடியே இருந்ததைப் பார்த்து, "சாப்பிடலையாண்ணே?" என்றாள். ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு இது சகஜம்.

கையெழுத்து கோணலாக இருப்பதற்குப் பேனாதான் காரணம்.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்று எழுத விட்டுப்போனது. வளர்மதி நாலு மணிக்கு வந்து, "எட்டும் அதுக்குள்ளயா தீந்துச்சு?" என்று கேட்டாள். "பாவம், நல்லா ஒழைச்சுது" என்றேன். "எங்க அது?" "குப்பையில போட்டுட்டேன்." கடையிலும் கட்டை இல்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

முதலில் கொடுத்தவள் பாக்கியம். அவளுடைய மூணு கட்டை லைட்டைக் கவிழ்த்துத் தட்டிக் கொட்டினாள். "நான் பாம்பை மிதிச்சாலும் பரவால்லடி, எனக்கு நாக்கு இருக்கு, கத்துவேன். மீனு கத்துமா?" சலூன்காரர் ரேடியோவைத் திறந்து நாலு கொடுத்தார். தையல்காரர் ரெண்டு. கோயில் பூசாரி ரெண்டு கொடுத்துவிட்டு, "அம்பாளுக்கு அகல் விளக்கு போதும்" என்றார். இன்னும் மூணு வீட்டில் ஒவ்வொன்று. மொத்தம் பதினாலு. தெருவே இருட்டானதற்கு நாங்கள்தான் காரணம்.

வளர்மதி ஒவ்வொரு கட்டையையும் டார்ச் பல்பில் வைத்துப் பார்த்தாள். நன்றாக எரிந்தது எட்டு. மங்கலானது ஆறு. "கெட்டதை நல்லதோட சேத்தா நல்லதையும் அது இழுத்துரும்" என்று ஆறையும் ஒதுக்கினாள். எட்டையும் நாலு நாலாகப் பிரித்து, இரண்டு குழாயில் வரிசையாக, தலைக்கு வால், தலைக்கு வால் என்று வைத்தாள். பிறகு அந்த வரிசையின் தலையோடு இந்த வரிசையின் தலை. வாலோடு வால். அதிலிருந்து பம்புக்கு.

"நாலு நாலா தொடர்ல வச்சுட்டு, ரெண்டு வரிசைக்கும் பக்க இணைப்பு. காலையில சொன்னேன்ல மாமா, அதேதான்" என்றாள்.

அதேதான். நானும் அதையேதான், கொஞ்சம் வேறு மாதிரி...

பம்பு ஒரே சீராக ஓடுகிறது. சௌந்தரம் என் தோளுக்குத் தைலம் தேய்த்தாள்.

"படுக்கை சரியில்ல, சுளுக்கிக்கிச்சு" என்றேன்.

"ரெண்டு தோளும் ஒரே மாதிரியாண்ணே சுளுக்கும்?"

"ரெண்டு பக்கமும் பெரண்டு படுத்தேன்."

நவம்பர் 20, புதன்

கரண்டு இல்லை. மீன் இருபத்தொன்று. வெயில் அதிகம் என்பதால் இன்று சட்டை போடவில்லை. வெயிலே இல்லை என்கிறார் மாப்பிள்ளை.

நவம்பர் 22, வெள்ளி

பகல் பதினொன்று இருபதுக்குக் கரண்டு வந்தது! தெருவே ஓவென்று கத்தியது. தொட்டி மோட்டார் பொங்கியது. வெள்ளிக்கிழமை வரும் என்று நான் சொல்லியிருந்தேன். சனி, ஞாயிறு, திங்கள் என்றும் சொல்லியிருந்தேன், ஆனால் வெள்ளியும் அதில் உண்டு.

இடையில் பக்கத்துத் தெருவும் ஒரு தடவை கட்டை கொடுத்தது. எல்லாருக்கும் சௌந்தரம் அவித்த கடலை கொடுத்தனுப்பினாள். டீக்கடையில் என் எட்டுக் கட்டை ஏற்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐந்து மணி நேரம், நிற்காமல். கேட்டவர்கள் அசந்துவிட்டார்கள். பாக்கியம் மட்டும் டீ வாங்க வந்தவள், தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காரணம் தெரியவில்லை.

நவம்பர் 28, வியாழன்

இன்று ஒரு சின்னச் சங்கடம்.

கோதண்டம் புயலில் சாய்ந்த கோழிக்கூட்டை நிமிர்த்தினார். அதன் பின்னாலிருந்து ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் எட்டுக் கட்டை. வயிறு வீங்கி, கறுப்பாக ஒழுகி, செம்புக் கம்பியோடு கட்டினது கட்டினபடி.

"குப்பையில போட்டேன்னு சொன்னீங்களே மச்சான்?"

"கோழிக்கூடும் ஒரு வகையில குப்பைதான மாப்பிள்ளை."

வளர்மதி பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பெண் பார்க்கிற பார்வையே ரத்தம் சோதிக்கிற பார்வை.

"மாமா, எட்டும் ஒரே பக்கம் தலை வச்சு, பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் மொத்தம் ஒன்றரை வோல்ட்டுதான். எட்டு வச்சாலும் சரி, எம்பது வச்சாலும் சரி. ரொம்ப நாள் தாங்குமே தவிர, வோல்ட் ஏறாது. பம்புக்கு ஆறு வேணும்."

"எட்டு ஆளு தோளோட தோள் நின்னா..."

"நின்னா தேங்காய் எட்டுமா மாமா?"

என் உவமையை என்மேலேயே எறிந்தாள்.

"அதுவும் நீங்க மாத்தி மாத்தி வச்சிருக்கீங்க. ஒண்ணு தர்றத அடுத்தது முழுங்கிருக்கு. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் பத்து நிமிஷத்துல செத்திருக்கும். ரேடியோவுல பக்கத்துல படுத்திருந்தாலும் உள்ள தகடு ஒண்ணோட தலையிலேர்ந்து அடுத்ததோட வாலுக்குத்தான் போகும். பாக்கப் பக்கம், ஆனா தொடர். அப்ப அன்னைக்கு அஞ்சு மணி நேரம் பம்பு எப்படி ஓடுச்சு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது நல்ல கம்பெனிக் கட்டை" என்றேன்.

கோதண்டம் வாயைத் திறந்தார். சௌந்தரம் அவர் கையிலிருந்து பலகையை வாங்கி ஓரமாக வைத்தாள். "ஓடுச்சுன்னா ஓடுச்சு. மீனு இருக்குல்ல? போய் வேலையப் பாருங்க எல்லாரும்" என்றாள். பிறகு, கேட்காமலேயே எனக்கு ஒரு காபி வந்தது. சர்க்கரை தூக்கலாக.

நவம்பர் 30, சனி. மதுரை

மூன்றாம் பரிசு. மற்ற இரண்டு பேரும் புயல் இல்லாத ஊர்க்காரர்கள் என்பதால் இதை முதல் பரிசாகவே கருத வேண்டும்.

நாலு பொட்டுமீனைக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தோம். வெள்ளைப் பட்டுப் பாவாடை கட்டிக் குங்குமம் வைத்த பிள்ளைகள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன. கூட்டம் அங்கேதான். சேலத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்தவர்கள் குஞ்சு கேட்டு சௌந்தரத்தின் போன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். அவள் தன் நம்பரையே இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள், சந்தோஷத்தில்.

நடுவராக வந்தது மீன்வளம் படித்த ஓர் அம்மா. முகவரியைப் பார்த்துவிட்டு, "நீங்க புயல் அடிச்ச ஊராச்சே. ஒரு வாரம் கரண்டு இருந்திருக்காதே. காத்துக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தேன். எட்டுக் கட்டை, பலகை, செம்புக் கம்பி, எல்லாம் நாக்கு நுனியில் தயார்.

சௌந்தரம் முந்திக்கொண்டாள்.

"பேட்டரிக் கட்டையில ஓட்டினோம்மா. மொதல்ல நாலு, தொடர்ல. அப்பறம் தெருவே குடுத்த கட்டைய எம் பொண்ணு ரெண்டு வரிசையா வச்சுப் பக்க இணைப்பு குடுத்தா." ஒரு நொடி நிறுத்தினாள். "நடுவுல ஒரு அஞ்சு மணி நேரம் எங்கண்ணன்."

"அண்ணனா? புரியலையே."

"செம்பால மொண்டு மொண்டு ஊத்தினாருங்க. தனியாளா. ஒரு நிமிஷம் விடல. எதிர்வீட்டுக்காரி மதிலுக்கு மேலால எட்டிப் பாத்துட்டு அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா. அவரு சொல்லமாட்டாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் பம்பு ஓடுச்சு."

நடுவர் அம்மா என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பதிலுக்குக் கும்பிட என் கையை முழுசாகத் தூக்க முடியவில்லை. இன்னும் வலி இருக்கிறது. பேச்சும் வரவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் பேச வராமல் நின்றது இதுதான் முதல் தடவை.

கோதண்டம் எதையும் எடை போடவில்லை. நான் சுமந்து வந்து கீழே வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 1, ஞாயிறு

இந்த நோட்டைப் பிற்காலத்தில் யாராவது படிக்கக்கூடும். ஆகவே ஒரு திருத்தம்.

பதினெட்டாம் தேதி எழுதியதில் ஒரே ஒரு விஷயம் கற்பனை. பம்பு ஓடவில்லை. ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. கட்டை சூடேறி, வீங்கி, பத்து மணிக்கெல்லாம் கதை முடிந்தது. ஓடிப்போய் யாரிடமாவது கட்டை கேட்கலாம் என்றால், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்துவிட்டன. பாக்கியம் கேட்டில் நின்றபோது கேட்டிருக்கலாம். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் எந்த வாயால் கேட்பது? செம்பை எடுத்தேன். ஒரு மணி நேரம் வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. வலது கை ஓய்ந்தால் இடது, இடது ஓய்ந்தால் வலது. ஒன்று மாற்றி ஒன்று. இதற்கு வளர்மதி என்ன இணைப்பு என்று பெயர் சொல்வாளோ.

அன்றைக்கு அஞ்சு மணி நேரம் ஓடினது நான்.

மற்றபடி இந்த நோட்டில் உள்ளது அத்தனையும், அந்த நாற்பத்தேழு தென்னை உட்பட, அப்பட்டமான உண்மை.